இடையன்குடி இல்லமும் ஒப்பிலக்கணமும்: கால்டுவெல் குடும்பத்தை வாசித்தல்

கால்டுவெல் என்னும் பெயர் நம் மாணவர்க்கு ஒரு நூலின் பெயராகவே அறிமுகமாகின்றது. 1856இல் இலண்டனில் வெளிவந்த ஒப்பிலக்கணம், 1875இல் விரித்து வெளியிடப்பெற்ற அதன் இரண்டாம் பதிப்பு, தமிழ் வடமொழியின் கிளையன்று என்னும் முடிபு ஆகிய மூன்றையும் எழுதிவிட்டால் தேர்வுக்குரிய விடை நிறைந்துவிடும். அந்நூலின் ஆங்கிலத் தலைப்பிலேயே 'குடும்பம்' என்னும் சொல் இடம்பெற்றுள்ளது. தென்னிந்திய மொழிகளை ஒரு குடும்பமாகக் கண்டவரின் சொந்தக் குடும்பம் எத்தகையது, அது எங்கே, யாரிடையே வாழ்ந்தது என்னும் வினா மட்டும் நம் வகுப்பறைகளில் எழுவதில்லை. ரெம்பாவ், பெடாஸ், செம்போங் வட்டாரத் தோட்டக் குடும்பங்களிலிருந்து வந்த மாணவர்க்கு இவ்வினா பிறரினும் நெருக்கமானது என்பது நம் கருத்து. கடல் கடந்து சென்ற குடும்பம் ஒன்று அயல் மண்ணில் மூன்று தலைமுறை வாழ்ந்த வரலாறு அது. அவ்வாறு வாழ்ந்த குடும்பங்களின் வழிவந்தோரே இம்மாணவரும்.

இதற்குரிய முதன்மைச் சான்று கால்டுவெல் எழுதிவைத்த நினைவுக் குறிப்புகளாகும். அவர் மறைந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 1894இல், அவற்றைச் சென்னையில் பதிப்பித்தவர் ஜே. எல். வயாட். வயாட் அவருடைய மருமகன். தாமும் மிஷன் பணியாளர். எனவே நம் கையிலிருப்பது குடும்பத்தினர் தொகுத்த குடும்ப நினைவு. இத்தகைய நூலில் எவையெவை விரிவாகவும் எவையெவை ஒரு வரியிலும் சொல்லப்படுகின்றன என்று பார்ப்பது திறனாய்வின் முதற்பணி. பயணங்கள், திருச்சபை நிருவாகம், ஆயர் பதவி ஆகியன இடம்பிடித்துக்கொள்கின்றன. இல்லம் பின்னணியில் நிற்கின்றது. தமிழில் இவ்வரலாற்றைப் பரவலாக்கிய ரா. பி. சேதுப்பிள்ளையின் 'கால்டுவெல் ஐயர் சரிதம்', தலைப்புக்கேற்ப, ஐயரின் சரிதமாகவே அமைந்தது. சேதுப்பிள்ளையின் எதுகை மோனை நடையில் ஐயரின் உருவம் மேலும் உயர்ந்தது. அருகில் நின்றோர் மேலும் சிறுத்தனர்.

அருகில் நின்றோர் யார்? 1819இல் இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் நாகர்கோவிலுக்கு வந்தவர் சார்லஸ் மால்ட். அவர் மனைவி மார்த்தா பெண்களுக்குக் கல்வியளித்ததோடு, 1820களின் தொடக்கத்தில் லேஸ் பின்னும் தொழிலையும் கற்பித்தார். அன்றைய திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி நிலவிற்று. அது ஒழிக்கப்பட்டது 1855இல்தான். லேஸ் விற்ற வருவாயைக்கொண்டு அடிமை நிலையிலிருந்து தம்மை மீட்டுக்கொண்ட பெண்களைப் பற்றி மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண்ணும் காலமும் இவையே. இச்சூழலில் 1822இல் பிறந்தவர் மால்ட் தம்பதியரின் மகள் எலைசா.

கால்டுவெல் அயர்லாந்தில் 1814இல் பிறந்த ஸ்காத்லாந்து வழியினர். 1838இல், இருபத்து மூன்று வயதில், அதே இலண்டன் மிஷன் சங்கத்தின் பணியாளராகச் சென்னையில் இறங்கினார். 1841இல் ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சார்ந்து, நற்செய்திப் பரப்புக் கழகத்தில் சேர்ந்து, பெரும்பகுதி நடந்தே திருநெல்வேலி சேர்ந்தார். இந்நடைப்பயணத்தைப் போற்றி எழுதாதவர் இல்லை; ஆதலின் இங்கு விரிக்கவில்லை. 1844இல் எலைசாவை மணந்தார்.

இங்கு 'வெளிநாடு' என்னும் சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியுள்ளது. கால்டுவெல்லுக்கு இடையன்குடி வெளிநாடு. முயன்று கற்ற மொழி தமிழ். எலைசாவுக்கு அவ்வாறில்லை. பிறந்த ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஊருக்கு மணமாகிச் சென்ற பெண் அவர். குழந்தைப் பருவம் முதல் காதில் விழுந்த மொழி தமிழ். அவருடைய பேச்சுத்தமிழ்த் தேர்ச்சி பலராலும் குறிப்பிடப்படுவது. ஆயினும் அது ஒரு பாராட்டு வரியாகவே கடந்து செல்லப்படுகின்றது. பெற்றோர் 'ஊர்' என்று சொல்லும் இடம் பிள்ளைக்கு அயலாகவும், பெற்றோர்க்கு அயலான இடம் பிள்ளைக்கு ஊராகவும் ஆகும் நிலையை ரெம்பாவில் பிறந்த தோட்டத்துப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. பாட்டனார் சேலத்தையும் திருச்சியையும் நினைத்துக்கொண்டிருக்க, பேரப்பிள்ளை பால்மரக்காட்டையே ஊராகக் கொண்டு வளர்ந்த கதைதான் அது.

எனினும் இவ்வொப்புமையை அளவோடு நிறுத்த வேண்டும். எலைசா வளர்ந்தது மிஷன் பங்களாவில். ஆட்சியாளரின் இனத்தவராய், சொல்லுக்கு மதிப்புள்ளவராய் வளர்ந்தார். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு அவ்வாய்ப்பு இல்லை. பிறந்த மண் ஒன்றாயினும் நிற்கும் படி வேறு.

எலைசாவின் தமிழ் ஒப்பிலக்கணத்தில் எந்தப் பக்கத்தில் உள்ளது என்று விரல் வைத்துக் காட்ட இயலாது. அவ்வாறு காட்டுவதாகச் சொல்வது ஆய்வாகாது. ஆனால், ஒப்பிலக்கணம் ஏட்டுத்தமிழ் ஒன்றையே சான்றாகக் கொண்டு எழுந்த நூலன்று. செந்தமிழ், கொடுந்தமிழ் என்னும் இரண்டையும் கால்டுவெல் எதிரெதிரே வைத்து நோக்குகின்றார். எழுத்து வழக்கில்லாத துதம், கோதம் போன்ற மொழிகளையும் இலக்கிய வளமுடைய மொழிகளோடு ஒரே குடும்பத்தில் சேர்க்கின்றார். பேசுவோர் வாயிலுள்ள வடிவமும் இலக்கணச் சான்றாகும் என்னும் துணிவு இதற்கு அடிப்படை. அத்துணிவுக்கு அக்கால ஐரோப்பிய ஒப்பியல் மொழிநூல் ஒரு காரணம். நாள்தோறும் பனையேறிகளும் அவர்தம் பெண்டிரும் வந்துபோன ஒரு வீட்டில், தமிழை இயல்பாகப் பேசிய மனைவியோடு வாழ்ந்தது மற்றொரு காரணமாதல் கூடும். 1871இல் வெளிவந்த தமிழ் விவிலியத் திருத்தப் பதிப்பின் குழுவில் கால்டுவெல் பணியாற்றியபோதும் 'இது மக்களுக்கு விளங்குமா' என்னும் வினா அவர் முன் நின்றிருக்கும். அவ்வினாவுக்கு விடை நூலகத்தில் கிடைப்பதன்று.

கால்டுவெல்லைத் தனி வீரராகக் காணும் வழக்கம் மற்றொரு பக்கத்திலும் தளர்ந்துள்ளது. எல்லிசு 1816இலேயே தென்னிந்திய மொழிகளின் உறவை நிறுவியதை தாமஸ் டிரவுட்மன் 2006இல் வெளியிட்ட நூல் விரிவாகக் காட்டிற்று. அந்நூல் எல்லிசைச் சூழ்ந்திருந்த இந்திய அறிஞர்க்கும் உரிய இடம் தந்தது. கோட்டைக் கல்லூரிப் பண்டிதர்க்குக் கிடைத்த அவ்விடம் இடையன்குடி இல்லத்துப் பெண்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.

அவ்வில்லத்துப் பெண்கள் செய்தவை சிலவற்றை அறிவோம். தாயிடம் கற்ற லேஸ் தொழிலை எலைசா இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். பெண்களுக்கு விடுதியோடு கூடிய பள்ளியை நடத்தினார். நாற்பதாண்டுகளுக்கு மேல் அங்கும் திருநெல்வேலியின் பிற பகுதிகளிலும் பெண்களிடையே பணியாற்றினார். ஏழு பிள்ளைகளுக்குத் தாய் என்பதையும் இத்துடன் சேர்த்தே எண்ண வேண்டும். செம்மண் தேரியும் பனையுமாக இருந்த பகுதியில் நேரான தெருக்களோடு ஓர் ஊர் அமைந்ததும், 1847இல் தொடங்கிய ஆலயம் முப்பத்து மூன்றாண்டுகள் கழித்து 1880இல் நிறைவெய்தியதும் கணவர் பெயரில் எழுதப்பட்டுள்ளன. ஊதியம் பெறும் பணியாளர் ஒருவர், உழைத்தவர் இருவர். மிஷன் அமைப்பு இதையே இயல்பாகக் கொண்டிருந்தது. நம் நாட்டுத் தோட்டப்பள்ளி வரலாற்றை எழுதுவோர் இவ்விடத்தில் தம் ஏட்டையும் புரட்டிப் பார்க்கலாம். 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திற்குப் பின் தோட்டந்தோறும் எழுந்த பள்ளிகளில் கங்காணியும் கிராணியும் எழுத்தறிந்த தொழிலாளியும் ஆசிரியராயினர் என்று எழுதுகின்றோம். ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பெண்ணை அவ்வரலாற்றில் சேர்ப்பதில்லை. அவளிடமிருந்தே பிள்ளை முதலில் பாட்டும் கதையும் கேட்டது.

இனி, இவ்வில்லத்தின் மறுபக்கம். மணமாகி ஐந்தாண்டில், 1849இல், கால்டுவெல் வெளியிட்ட சிறுநூல் 'திருநெல்வேலிச் சாணார்'. தம் வீட்டைச் சுற்றி வாழ்ந்த, தம் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பிய, தம் ஆலயத்தில் மண்டியிட்ட மக்களைப் பற்றி ஐரோப்பிய வாசகருக்காக எழுதிய நூல் அது. அம்மக்களின் அறிவாற்றலைக் குறைத்து மதிப்பிட்டது. அவர்தம் வழிபாட்டைப் பேய் வழிபாடாக விவரித்தது. அவர்கள் இலங்கையிலிருந்து வந்தேறியோர் என்றது. வாசிக்கமாட்டார் என்று எண்ணப்பட்டோர் வாசித்தனர். இன்று நாடார் என வழங்கும் அச்சமூகத்தாரின் எதிர்ப்பு பின்னர் வலுப்பெறவே, நூலைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொள்ள நேர்ந்தது. மிஷனில் பயின்று அதனோடு முரண்பட்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857இல் பிரகாசபுரத்தில் ஐரோப்பியர் சார்பற்ற திருச்சபையையே நிறுவினார். மதமாற்றத்தை வெறும் பணிவாகக் காண்போர் சட்டாம்பிள்ளையை விளக்கமுடியாமல் தடுமாறுவர்.

மொழிகளுக்குள் உயர்வு தாழ்வு நீக்கி உறவு கண்ட பேனாவும், அண்டைவீட்டாரைத் தாழ்த்தி எழுதிய பேனாவும் ஒரே மேசையில் இருந்தன. முன்னதைப் போற்றுவோர் பின்னதை மறைப்பதும், பின்னதைச் சுட்டுவோர் முன்னதை ஐயுறுவதும் தமிழ்நாட்டு அரசியல் மேடையில் பழகிப்போன காட்சிகள். மலேசியத் தமிழ்க் கல்வியாளர்க்கு இவ்விருசாரியில் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் கட்டாயம் இல்லை. பதநீர்க்குப் பனையைச் சீவியவரைப் பற்றி ஐயர் எழுதினார். பால்மரம் வெட்டியவரைப் பற்றித் துரைமாரும் தொழிலாளர் இலாகாவினரும் அறிக்கை எழுதினர். இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தால், அருகில் வாழ்வது மட்டுமே அறிதலாகாது என்பது மாணவர்க்குத் தானே தெரியவரும்.

ஒப்பிலக்கணத்தின் முன்னுரைப் பகுதி நம்மைப் பற்றியும் பேசுகின்றது என்பது இங்குப் பலர் கவனத்திற்கு வராத செய்தி. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் காணப்படும் இந்தியருள் பெரும்பாலோர் தமிழரே என்கிறார் கால்டுவெல். இன்று இந்நாட்டில் இழிசொல்லாகக் கருதப்படும் 'கிளிங்' என்னும் பெயரை அவர் அங்கு இயல்பாக ஆள்கின்றார். பொருளீட்ட வாய்ப்புள்ள இடமெல்லாம் தமிழர் சென்று சேர்வர் என்றும், கிழக்குலகின் கிரேக்கர், ஸ்காத்தியர் இவர் என்றும் புகழ்கின்றார். ஸ்காத்தியக் குடும்பத்தில் பிறந்தவர்க்கு இது உயர்ந்த பாராட்டே. ஆனால், ஒப்பந்தக் கூலியாக மொரீசியசுக்குச் சென்றவரையும் அதே பட்டியலில் வைத்து, அனைத்தையும் முயற்சியுடைமையாகக் காண்பது எவ்வாறு பொருந்தும்? பஞ்சமும் கடனும் சாதியும் துரத்தியதைத் திருநெல்வேலியில் வாழ்ந்தவர் அறியாதிருந்திருக்க முடியாது. ரெம்பாவுக்கு அண்டையிலுள்ள மலாக்காவில் டான் சே யான் 1896இல் ரப்பர்த் தோட்டம் தொடங்கியபோது கால்டுவெல் மறைந்து ஐந்தாண்டுகளாகியிருந்தன. கங்காணி முறையின் பெருக்கத்தை அவர் காணவில்லை. கண்டிருந்தால் 'கிரேக்கர்' என்னும் உவமை நின்றிருக்குமா என்பது ஐயமே.

ஈண்டு ஓர் இடைக்குறிப்பு. எலைசா பிறந்த திருவிதாங்கூரில் மருமக்கள்தாயம் வழங்கிற்று. ரெம்பாவிலோ அடாட் பெர்பாதே வழக்கப்படி மூதாதையர் நிலமும் வீடும் பெண்வழியே செல்கின்றன. இவ்விரு மண்ணின் வழக்கப்படி பார்த்தால் நாகர்கோவில் முதல் இடையன்குடி வரையிலான இம்மூன்று தலைமுறைக் குடும்பம் மார்த்தாவின் குடும்பம். மால்ட், கால்டுவெல், வயாட் எனப் பெயர் மாறிக்கொண்டே வந்தாலும் தாய் மகள் தொடர்பு அறுபடவில்லை. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையை 1961 முதல் வழிநடத்திய தனிநாயகம் அடிகளாரும் இளமையில் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அவ்வூரும் அதே தென்திருநெல்வேலிப் பகுதியைச் சார்ந்தது. 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டிய அடிகளாரின் வழியில் வந்தோர்க்கு இப்பகுதி முற்றிலும் அயலன்று.

1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சிலையில் கால்டுவெல் தனித்து நிற்கின்றார். 1891இல் கொடைக்கானலில் மறைந்த அவரை அடக்கம் செய்த இடையன்குடி ஆலயத்தில் நிலை வேறு. 1899இல் மறைந்த எலைசாவும் அங்கேயே துயில்கின்றார்.

இன்னும் பின்னால் நிற்போரும் உளர். 1854இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பெற்றபோது அதற்குச் சென்றவர் திருநெல்வேலி உபதேசியார்கள். அயல்நாட்டில் சமயப்பணி செய்த தமிழ்க் குடும்பங்கள் என்று பார்த்தால் இவர்களே முன்னோர். இவர்தம் நினைவுகளைப் பதிப்பிக்க மருமகன் எவரும் அமையவில்லை. மலாயாவுக்கு வந்த உபதேசியார், போதகர் குடும்பங்களைப் பற்றிய ஆய்வுக்கு நம் மாணவர் முன்வருவராயின், செரம்பான், மலாக்கா ஆலயங்களின் ஞானமுழுக்குப் பதிவேடுகளிலிருந்து தொடங்கலாம். அவற்றில் தந்தையின் பெயரோடு தாயின் பெயரையும் எழுதுவது வழக்கம்.