செவியும் தீர்ப்பும்

ஒரு நூலைப் படியாமலே அதன்மேல் தீர்ப்புக் கூறுவோர் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கின்றனர். ஒரு பாடலைக் கேளாமலே அதனைப் புகழ்வோரும் இகழ்வோரும் நம் காலத்தில் பெருகியிருக்கின்றனர். இரு சாராரும் செய்யும் பிழை ஒன்றே: தம்மிடம் இல்லாத சாட்சியத்தை இருப்பதாகக் காட்டுகின்றனர். இப்பிழையின் இயல்பை ஆராய நாம் இங்கு எடுத்துக்கொண்டிருக்கும் களம் நம் வாசகர்களில் மூத்தோருக்குப் புதிதாகத் தோன்றலாம். இளையோர் சிலருக்குப் பழகியதாகவே இருக்கும். மேலை நாடுகளில் 'இண்டி ராக்' என்று வழங்கும் இசையின் ரசிகர்கள், புதிதாக வெளிவரும் ஆல்பங்களைப் பற்றித் தமக்குள் செய்தியும் கருத்தும் பரிமாறிக்கொள்ளும் வழக்கமே அக்களம்.

இசைக்கருவிகளைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு இக்கட்டுரையின் பொருளன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நான்கு மத்ஹபுகளின் அறிஞர்களில் பெரும்பாலோர் அவற்றைத் தடுத்துரைத்ததையும், ஸ்பெயின் நாட்டு இப்னு ஹஸ்ம் (ரஹ்) அதில் மாறுபட்ட கருத்துக் கொண்டிருந்ததையும், இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா'வில் செவியேற்றலின் ஒழுக்கங்களுக்கென்றே ஒரு தனிக் கிதாபை ஒதுக்கியதையும் கற்றோர் அறிவர். அவ்வழக்கை அவரவர் தம் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்க. நாம் எடைபோட வந்தது பாடலை அன்று. பாடலைப் பற்றிய பேச்சை. பேச்சுக்குக் கணக்கு உண்டு என்பதில் எந்த மத்ஹபிலும் கருத்து வேறுபாடு இல்லை.

கடையில் வளர்ந்த திறனாய்வு

'இண்டி' என்பது 'சுதந்திரமான' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் குறுக்கமாகும். பெரிய இசைத்தட்டு நிறுவனங்களின் பிடியில் அகப்படாமல், சிறுமுதல் கொண்டு வெளிவந்த இசையை அது முதலில் குறித்தது. 1977 ஜனவரியில் மான்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த 'பஸ்காக்ஸ்' குழுவினர், கடனாகப் பெற்ற ஏறத்தாழ 500 பவுனைக் கொண்டு, நான்கு பாடல்கள் அடங்கிய 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்னும் இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். ஒவ்வொரு பாடலும் எத்தனையாவது முயற்சியில் பதிவாயிற்று என்பதையும் அதன் உறையிலேயே அச்சிட்டனர். தொழிலின் மறைபொருளை ரசிகன் முன்னே திறந்துவைத்த செயல் அது.

லண்டனில் 1976இல் ஜெஃப் டிராவிஸ் தொடங்கிய 'ரஃப் டிரேட்' என்னும் கடை இத்தகைய தட்டுகளுக்குச் சந்தையாக விளங்கிற்று. 1978 முதல் அது தானும் இசைத்தட்டுகளை வெளியிட்டது. ரசிகர்கள் தாமே எழுதி நகலெடுத்த சிற்றிதழ்களும் அங்கே விற்பனைக்கு இருந்தன. அத்தகைய இதழ்களில் பெயர் பெற்றது, வங்கி எழுத்தராக இருந்த மார்க் பெரி என்னும் இளைஞர் 1976 ஜூலையில் தொடங்கிய 'ஸ்னிஃபின் குளூ'. தட்டச்சு இயந்திரத்தில் அடித்து, தலைப்புகளைத் தடித்த பேனாவால் கையாலேயே எழுதி, சில பத்துப் படிகள் எடுத்துத் தொடங்கிய அவ்விதழ் அடுத்த ஆண்டிலேயே நின்றுபோயிற்று. அதன் மொழி கரடுமுரடானது, அச்சோ அழகற்றது. ஆயினும் அதில் ஒரு நேர்மை இருந்தது. எழுதியவர் அந்த மண்டபத்தில் நின்று கேட்டவர். தம் காதில் விழுந்ததைத் தம் பெயரால் சொன்னவர்.

பி.பி.சி. வானொலியில் 1967 முதல் 2004இல் காலமாகும் வரை பணியாற்றிய ஜான் பீல் இந்நேர்மையை வேறொரு வகையில் பேணினார். பெயர் அறியாத குழுக்களின் தட்டுகளை அவர் எடுத்து ஒலிபரப்புவார். கருத்துரை சில சொற்களில் முடிந்துவிடும். கேட்பவர் முதலில் கேட்டுவிட வேண்டும். ஒப்புவதும் மறுப்பதும் அதன்பின். 1976இல் தொடங்கி, நேயர்கள் வாக்களித்துத் தேர்ந்த ஐம்பது பாடல்களை ஆண்டிறுதியில் ஒலிபரப்பும் வழக்கத்தையும் அவர் ஏற்படுத்தினார். செவிக்கு முதலிடம், தீர்ப்புக்கு அடுத்த இடம் என்னும் ஒழுங்கு அங்கே காக்கப்பட்டது.

முன்னோர் கையாண்ட அளவுகோல்

பாடலைப் பற்றிய செய்தியைத் தொகுப்பதும் பரிமாறுவதும் மேலை நாட்டார் கண்டுபிடித்த புதுமையன்று. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில் அபுல் ஃபரஜ் அல்-இஸ்ஃபஹானி தொகுத்த 'கிதாபுல் அகானி' அரபு இலக்கியத்தின் பெருங்கடல். கலீஃபா ஹாரூன் அர்-ரஷீதுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நூறு பாடல்களை அடித்தளமாகக் கொண்டு விரிந்த நூல் அது. கவிதை யாருடையது, மெட்டமைத்தவர் யார், தாளம் யாது என்று கூறுவதோடு அவர் நின்றுவிடவில்லை. செய்திகளுக்கு முன்னே, அவை யார் யார் வழியாகத் தம்மை வந்தடைந்தன என்னும் இஸ்னாதையும் வைத்தார். சிரிப்புக்குரிய ஒரு சிறு நிகழ்ச்சிக்கும் சாட்சிகளின் வரிசை உண்டு!

பழைய மெட்டை வந்தவாறே காக்க வேண்டும் என்றார் இஸ்ஹாக் அல்-மவ்ஸிலீ. பாடுவோன் தன் உளப்பாங்கிற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்றார் ஹாரூனின் சகோதரர் இப்ராஹீம் இப்னுல் மஹ்தி. இருவரும் ஓலை எழுதி வாதிட்டனர். வாதம் கடுமையாகவே இருந்தது. ஆனால் இருவரும் கேட்டவர்கள், பாடியவர்கள்; காரணம் காட்டி மோதியவர்கள்.

ஹதீஸ் கலை வல்லுநர்களிடத்தில் இவ்வொழுங்கு அதன் உச்சத்தை எட்டிற்று. அவர்கள் வகுத்த நெறிகளில் இரண்டு நம் பொருளுக்கு இன்றியமையாதவை. தாம் ஒருவரிடம் நேரில் கேளாததைக் கேட்டதுபோல் தோன்றும்படி அறிவிப்பதை 'தத்லீஸ்' என்று பெயரிட்டுக் குறை கண்டனர் என்பது ஒன்று. ஓர் அறிவிப்பாளரை ஒருவர் நம்பத்தக்கவர் என்றும் மற்றொருவர் குறையுடையவர் என்றும் கூறினால், குறை கூறியவர் அதன் காரணத்தை விளக்க வேண்டும். விளக்கப்படாத குறை ஏற்கத்தக்கதன்று என்று அவர்களில் பலர் முடிவு செய்தனர் என்பது மற்றொன்று. விளக்கப்பட்ட குறைக்கு 'ஜர்ஹ் முஃபஸ்ஸர்' என்று பெயர்.

தீனின் ஆதாரத்தைக் காத்த கலையை இசைத்தட்டுப் பேச்சுக்கு உவமையாக்குவது தகுமோ என ஐயுறுவோர்க்கு நாம் கூறுவது இது: பொருளின் மதிப்பை நாம் ஒப்பிடவில்லை, நிறுக்கும் நேர்மையை ஒப்பிடுகிறோம். பொன்னை நிறுக்கும் தராசுக்கு வேண்டிய நேர்மை புளியை நிறுக்கும் தராசுக்கும் வேண்டுமன்றோ?

எண் விழுங்கிய சொல்

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்து இளைஞர் ரயன் ஷ்ரைபர் தொடங்கி, 1996 முதல் 'பிட்ச்ஃபோர்க்' என்னும் பெயரில் இணையத்தில் நடத்திய இசையிதழ் இண்டி ரசிகர்களின் பேச்சுக்கு மையமாயிற்று. ஒவ்வோர் ஆல்பத்துக்கும் 0.0 முதல் 10.0 வரை, புள்ளிக்குப் பின்னும் ஓர் இலக்கத்தோடு, அது மதிப்பெண் இட்டது. விடைத்தாள் திருத்திப் பழகிய எவரும் அறிவர்: 62க்கும் 63க்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் மாணவனிடத்தில் இருப்பதில்லை, திருத்துபவரின் களைப்பில் இருக்கிறது.

இந்த எண்ணின் வலிமையை 2004ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரு செய்திகள் காட்டும். கனடாவின் 'ஆர்கேட் ஃபயர்' குழுவினர் வெளியிட்ட 'ஃப்யூனரல்' என்னும் ஆல்பம் 9.7 பெற்றது. வட கரோலினாவின் 'மெர்ஜ்' என்னும் சிறு நிறுவனம் அச்சிட்டு வைத்திருந்த படிகள் விரைவில் தீர்ந்துபோயின. அதே ஆண்டில் டிராவிஸ் மாரிசன் என்னும் பாடகர் தனித்து வெளியிட்ட 'டிராவிஸ்டான்' 0.0 பெற்றது. அதற்கு முந்திய நாள்வரை தம்மை வரவேற்ற கூட்டத்தின் முகம் ஒரே இரவில் மாறிவிட்டதைப் பின்னாளில் அவரே செய்தியாளரிடம் எடுத்துரைத்தார். அந்த ஆல்பம் குறையுடையதாகவே இருந்திருக்கலாம். ஆனால் முகம் திருப்பியவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்டிருந்தனர்? இதுவே நாம் எழுப்பும் வினா.

இதழுக்கு நாம் நீதி செய்ய வேண்டும். அந்த விமர்சனங்களில் காரணங்கள் எழுதப்பட்டிருந்தன; சில வேளை நீளமாகவே எழுதப்பட்டிருந்தன. ஆயினும் ஊரெங்கும் பரவியது எண் மட்டுமே. காரணம் வீட்டில் தங்கிவிட்டது. தண்டனை வீதிக்கு வந்தது. ஜர்ஹ் இருந்தது, முஃபஸ்ஸர் கழன்றுவிட்டது.

எண் தன்னைத்தானே மறுத்த வரலாறும் உண்டு. லிஸ் ஃபேர் என்னும் பாடகியின் 2003ஆம் ஆண்டு ஆல்பத்துக்கும் அவ்விதழ் 0.0 இட்டது. அதை எழுதிய விமர்சகர் 2019இல் பாடகியிடம் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 2021இல் இதழே 19 ஆல்பங்களின் மதிப்பெண்களை மீளாய்வு செய்தபோது அந்தச் சூனியம் 6.0 ஆயிற்று. ஆல்பத்தில் ஒரு சுரமும் மாறவில்லை. பதினெட்டு ஆண்டுகளில் மாறியது செவி. வருத்தம் தெரிவித்த விமர்சகரின் நற்பண்பை நாம் போற்றுகிறோம். ஆனால் அவருடைய முதல் எண்ணை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றியவர்களில் எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. அவர்கள் எதையும் கேட்டிராதவர்கள். திரும்பப் பெறுவதற்கு அவர்களிடம் சொந்தத் தீர்ப்பு ஒன்றும் இருந்ததில்லை.

இதற்கு எதிரான நல்ல சான்றும் அக்கூட்டத்திலேயே கிடைக்கிறது. 'நியூட்ரல் மில்க் ஹோட்டல்' என்னும் குழுவின் ஓர் ஆல்பம் 1998இல் வெளிவந்தபோது அதே இதழ் 8.7 இட்டது, 2005இல் மறுவெளியீட்டின்போது 10.0 இட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் குழு செயலற்றிருந்தது. அதன் தலைவர் ஜெஃப் மங்கம் பொதுவெளியிலிருந்து ஒதுங்கியிருந்தார். ஆயினும் ஒருவர் கேட்டு மற்றொருவரிடம் கொடுத்து, அவர் கேட்டு இன்னொருவரிடம் கொடுத்து, அந்த ஆல்பம் கைமாறிக் கைமாறிப் புகழ்பெற்றது. செவியிலிருந்து செவிக்குச் சென்ற இத்தொடரும் ஒருவகையில் இஸ்னாத் அன்றோ?

செவி வென்ற வழக்கு

சிகாகோ நகரத்து 'வில்கோ' குழுவின் வரலாறு இங்கு நினைவுகூரத்தக்கது. அவர்கள் உழைத்து முடித்த 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்டிராட்' என்னும் ஆல்பத்தை 2001இல் 'ரிப்ரைஸ்' நிறுவனம் வெளியிட மறுத்தது. குழுவினர் ஒலிநாடாக்களைத் தம்மோடு எடுத்துக்கொண்டு வெளியேறினர். அவ்வாண்டு செப்டம்பரில், யாவரும் விலையின்றிக் கேட்கும்படி ஆல்பம் முழுவதையும் இணையத்தில் ஒலிக்கச் செய்தனர். ரசிகர்கள் கேட்டனர், ஒருவருக்கொருவர் தெரிவித்தனர். கடைக்கு இன்னும் வராத பாடல்களைக் கச்சேரிகளில் கூட்டம் உடன்சேர்ந்து பாடிற்று. 2002 ஏப்ரலில் 'நான்சச்' நிறுவனம் அதனை வெளியிட்டபோது, பில்போர்ட் பட்டியலில் அது 13ஆம் இடத்தில் நுழைந்தது. மறுத்த நிறுவனமும் ஏற்ற நிறுவனமும் ஒரே பெருநிறுவனத்தின் கிளைகள் என்பது வேடிக்கை.

பிட்ச்ஃபோர்க் அதற்கு 10.0 இட்டது உண்மையே. ஆனால் அந்த எண் வருமுன்பே வழக்கு முடிந்துவிட்டது. பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் எண்ணுக்கு வேலையில்லை. பேச்சு கேள்வியின் மேல் எழுந்தபோது ரசிகர் கூட்டம் ஒரு பெரிய நிறுவனத்தின் பிழையைத் திருத்தியது. பேச்சு எண்ணின் மேல் எழுந்தபோது அதே கூட்டம் ஒரு பாடகரைத் தனிமைப்படுத்தியது. இரண்டும் ஒரே மக்களின் வேலை என்பதைக் கருத வேண்டும்.

ஒரு மறுப்பும் விடையும்

"ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஆல்பங்கள் வருகின்றன, அனைத்தையும் ஒருவன் கேட்க இயலுமா? அறிந்தவர் சொல்லை நம்புவதில் தவறென்ன?" என்று கேட்கலாம். தவறில்லை. அறியாதவர் அறிந்தவரைப் பின்பற்றுவதற்கு நம் மரபில் 'தக்லீது' என்று பெயர். பாமரருக்கு அது அனுமதிக்கப்பட்டதே. ஆனால் தக்லீது செய்பவர் இஜ்திஹாத் செய்தவரைப்போல் பேசலாகாது. "நான் கேட்கவில்லை, இன்னார் இவ்வாறு சொன்னார்" என்று கூறுபவர் நேர்மையான அறிவிப்பாளர். கேளாமலே "அது வெறுங்குப்பை" என்பவர் முதலிஸ். இருவருக்கும் இடையே உள்ளது ஒரே ஒரு வாக்கியம். அந்த ஒரு வாக்கியமே அமானிதம்.

சூரத்துல் ஹுஜுராத் நமக்குச் செய்தியைத் தெளிந்துகொள்ளும்படியும், ஊகங்களில் பெரும்பாலானவற்றை விட்டு விலகும்படியும் கட்டளையிடுகிறது. அக்கட்டளைக்குக் காரணமாக அச்சூரா காட்டுவது, அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின் வருந்த நேரும் என்பதே. ஆல்பம் ஒன்றை உருவாக்கியவனும் ஒரு மனிதன். அவனுக்கும் மானம் உண்டு, வயிறு உண்டு.

தமிழில் 'கேள்வி' என்னும் சொல் செவியால் பெறும் அறிவையும் குறிக்கும், வினாவையும் குறிக்கும். வள்ளுவர் அப்பெயரால் ஓர் அதிகாரமே வகுத்தார். செவியேற்றலும் வினவுதலும் ஒரே சொல்லில் தங்கியிருக்கும் மொழி நம்முடையது. அம்மொழியைப் பேசும் நம்மிடையிலும், விழா மேடையில் நூலைப் பிரித்தும் பாராமல் 'காலத்தால் அழியாதது' என்று முழங்குவோர் இல்லையா? ஒரு புலவரின் கவிதையை ஒரு வரியும் படியாமல், யாரோ சொன்னதைக் கேட்டு ஒதுக்குவோர் இல்லையா? வில்கோவும் மாரிசனும் நமக்கு அயலார். அவர்களைச் சூழ்ந்த பிழை அயலானதன்று.

ஆகவே இல்லத்து இளையோர் பாடலைப் பற்றியோ நூலைப் பற்றியோ தீர்ப்புக் கூறும்போது, பெற்றோர் அவர்களை அதட்ட வேண்டியதில்லை. இரண்டு வினாக்களைக் கேட்டால் போதும். "நீ கேட்டாயா? கேட்டிருந்தால், எதனால் அவ்வாறு சொல்கிறாய்?" இவ்விரண்டுக்கும் விடை சொல்லப் பழகிய பிள்ளை, நாளை அண்டை வீட்டாரைப் பற்றிய செய்தி காதில் விழும்போதும் அதே வினாக்களைத் தன்னிடம் கேட்டுக்கொள்ளும்.