லைக்காவை மறந்துவிட்டுப் பேசலாமா?

படம் எடுப்பது கண்தான், கேமரா இல்லை என்று வாதிடுகிறவர்கள் முதலில் சாட்சிக்கு அழைப்பது பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸானை. 1932-ல் பாரிஸின் சேன் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டும் ஒருவரின் குதிகால் நீரில் படுவதற்கு முந்தைய நொடியை வேலி இடுக்கு வழியே பிடித்தவர் அவர். 1950 ஏப்ரலில் ரமண மகரிஷி மறைந்தபோது திருவண்ணாமலையில் இருந்தவரும் அவரே. நல்ல சாட்சிதான். ஆனால் அவர் கையிலிருந்த லைக்காவைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. 1925-ல் விற்பனைக்கு வந்த அந்தக் கேமரா அன்றைக்கே விலை கூடியது. கோட்டுப் பைக்குள் அடங்கும். ஒரு ஃபிலிம் சுருளில் 36 படம் எடுக்கும். கனத்த கேமராவை டிரைபாடில் ஏற்றி நிறுத்தியிருந்தால் அந்தக் குதிப்பு தப்பியிருக்கும்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அதன் பிறகு அவர் செய்தது. கேமராவின் பளபளப்பைக் கறுப்பு டேப் ஒட்டி மறைத்தார். பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றோடே காலம் தள்ளினார். அப்படிப் பழகியவருக்கு, எங்கே நின்றால் ஃபிரேமுக்குள் என்னென்ன விழும் என்பது கேமராவைத் தூக்கும் முன்பே தெரிந்துவிடும். வருடத்துக்கொரு லென்ஸ் மாற்றுகிறவர் கையில் அந்தப் பழக்கம் படிய நேரமே இருப்பதில்லை.

காசால் தீரும் குறைகளும் உண்டு. மங்கலான மண்டபத்தில், கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை 55 மி.மீ.க்கு இழுத்தால் திறப்பு எஃப் 5.6 ஆகச் சுருங்கிவிடும். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ், ஏறக்குறையப் பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வேடந்தாங்கலில் ஏரி நடுவே மரத்தில் அமர்ந்த நத்தைகுத்தி நாரையின் கண் தெரிய வேண்டுமென்றால், லட்சங்களில் விலை சொல்லும் நீள லென்ஸ்தான் கை கொடுக்கும்.

என் ஆதங்கமெல்லாம் கல்யாண வீடுகளைப் பற்றித்தான். புக்கிங் பேசும்போதே "ஃபுல் ஃபிரேமா? டிரோன் உண்டா?" என்று கேட்கிறார்கள். கெட்டிமேளம் கொட்டியதும் இருக்கிற லென்ஸ் அத்தனையும் தாலி முடிச்சைக் குறிவைக்கின்றன. அந்நேரம் அட்சதையைத் தூவ மறந்து, மூடிய கையோடு நிற்கிற பெண்ணின் அப்பாவை யாரும் எடுப்பதில்லை. புக்கிங் பேசப் போகிறவர்கள் பொறுக்கியெடுத்த பத்துப் படங்களோடு திருப்திப்படாமல், ஒரு முழுக் கல்யாணத்தின் படங்களைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் சுற்றி நின்ற முகங்கள் அதில் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். கேமரா மாடலை அப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.