தோட்டப்புற நகையும் நம் சிறுகதையும்

மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதற்கண் வைத்தவர் தொல்காப்பியர். அழுகைக்கு அவர் அளித்தது இரண்டாம் இடமே. நம் நாட்டுத் தோட்டப்புறச் சிறுகதைகளைத் தொகுத்து நோக்குவார்க்கு இவ்வரிசை மாறிக் கிடப்பது எளிதில் புலனாகும். அவற்றுள் அழுகை முன்னிற்கும். இளிவரல் அதனைத் தொடரும். நகையோ, வந்தால் கள்ளுக்கடைக் காட்சியாக வந்து போகும். ஆயின் அக்கதைகளின் மாந்தரோடு பழகியோர் அனைவரும் அறிவர்: பால்மரக் காட்டில் வாழ்ந்தவர்கள் நிரம்பச் சிரித்தவர்கள். அச்சிரிப்பின் இயல்பு யாது, அது நம் எழுத்தில் இடம்பெறாமைக்குக் காரணம் யாது, அதனை இனியேனும் மீட்பது எவ்வாறு என்னும் மூன்றனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகை பிறக்கும் களன்களாகத் தொல்காப்பியர் கூறுவன நான்கு. அவற்றுள் எள்ளலும் ஒன்று. அதற்கு உரை வகுத்த பேராசிரியர் நுட்பமானதொரு பாகுபாட்டைக் காட்டுகிறார். தான் பிறரை எள்ளி நகுவது ஒருவகை. பிறரால் தான் எள்ளப்பட்டபோது தானே நகுவது மற்றொரு வகை. மேலோட்டமாகக் காண்பார்க்கு இரண்டும் சிரிப்பே. ஆனால் முன்னது மேலிருந்து கீழ்நோக்கி வருவது. பின்னது கீழே நிற்பவன் தன் மதிப்பைத் தானே காத்துக்கொள்ளும் முயற்சி. தோட்டப்புற நகையின் உயிர்நிலை இப்பின்னதிலேயே இருக்கிறது என்பது என் துணிபு.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் முடிவுற்றது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை, உதவிபெற்ற குடியேற்றத்தை இந்திய அரசு 1938இல் தடைசெய்ததோடு நின்றது. முறைகள் நின்றாலும் தோட்டத்தின் படிநிலை நெடுங்காலம் நின்றது. மேலே துரை; அவருக்குக் கீழே கிராணி; அவருக்கும் கீழே கங்காணியும் மண்டோரும்; எல்லார்க்கும் கீழே உளியும் வாளியும் ஏந்திய தொழிலாளி. பெரட்டுக் களத்தில் அவன் பெயர் அழைக்கப்படும், அவன் மறுமொழி கூறலாம், எதிர்மொழி கூறலாகாது. எதிர்மொழிக்கு இடமில்லாத இடத்தில் நகைமொழி பிறந்தது.

துரைமாருள் பலர் தமிழ் கற்றனர் என்பதை நாம் பெருமையோடு குறிப்பிடுவதுண்டு. அவர்கள் கற்ற தமிழ் எத்தகையது? தேயிலை, ரப்பர்த் தோட்டத் துரைமார்க்கென 1915இல் இலங்கையில் வெளிவந்த ஆங்கில நூலொன்றின் பெயரே ‘கூலித் தமிழ்’ என்பது. வேலை ஏவவும், ஏவியது முடிந்ததா என வினவவும் வேண்டிய தமிழ் அது. நலம் உசாவும் தமிழுக்கு அங்கு மிகுந்த தேவை எழவில்லை. இதனைத் தொழிலாளர் உணராதிருந்தனரா? தோட்டங்களில் முதியோர் வாயில் வழங்கிய பேச்சு ஒன்று விடையாக நிற்கிறது: “தொர நாயிகிட்ட இங்கிலீசு பேசுறாரு, நம்மகிட்ட தமிழ் பேசுறாரு. மருவாதி எல்லாம் இங்கிலீசுலயே தீந்துபோவுது.” ஒருமையில் விளிக்கப்பட்டவர்கள் அதனை எண்ணி நகைத்த நகை இது. மனு எழுதியிருந்தால் பத்துப் பக்கம் வேண்டியிருக்கும்.

மற்றொன்று பால் நிறுவையைப் பற்றியது. பாலில் நீர் கலந்தால் எடை கூடும்; ரப்பர்ச் சத்துக் கூடாது. எனவே மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டுச் சத்தை மதிப்பிடுவது நிறுவைக் கொட்டகை வழக்கம். கருவி குற்றத்தைக் காட்டிவிட்டது, கிராணி சீறுகிறார். பால் கொண்டுவந்தவரோ சற்றும் கலங்காமல், “ராத்திரி பேஞ்ச மழையில மரமும் ஒருவாய் குடிச்சிருக்கும் ஐயா” என்கிறார். பொய்தான், கேட்கும் இருவருக்கும் அது தெரியும். ஆயினும் மழையால் வெட்டு நின்ற நாளெல்லாம் கூலி குறைந்த ஒருவர், அம்மழையையே சான்றுக்கு அழைக்கும் திறம் நோக்கத்தக்கது. இங்கே குற்றமும் வறுமையும் அறிவுக்கூர்மையும் ஒரே வாக்கியத்துள் அடங்கிவிடுகின்றன. சிறுகதை ஆசிரியன் தேடி அலைய வேண்டிய பொருள் இதுவன்றோ!

இனி, ஒரே நிகழ்ச்சி மூவகை எழுத்தாளர் கையில் எவ்வாறு ஆகும் என்பதை நோக்குவோம். இந்நிகழ்ச்சி ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில், லாபிஸ் வட்டாரத்துப் பெரியவர் ஒருவர் சொல்லக் கேட்டது. மலைக்காட்டு நிரையில் மரம் வெட்டிய ஒருவர், தோளில் காண்டாக் கம்பும் அதன் இருமுனையிலும் பால் வாளிகளுமாக இறங்குகிறார். முன்னாள் மழையால் சரிவு வழுக்குகிறது. கால் இடறுகிறது, இரண்டு வாளிப் பாலும் அவர் தலைமேல் கவிழ்கிறது. பால் உறைந்தால் தலைமயிரை வெட்டித்தான் எடுக்க வேண்டும். அன்றைய உழைப்போ மண்ணோடு போயிற்று.

முதல்வகை எழுத்தாளன் இதனைக் கேலிக்கதை ஆக்குவான். விழுந்தவரின் தோற்றத்தை வருணிப்பான். அவர் திக்கித் திக்கிப் பேசுவதாக எழுதுவான். அவ்வழியே வரும் படித்த இளைஞன் ஒருவனைச் சிரிக்க வைப்பான். இது பேராசிரியர் கூறும் முதல் எள்ளல். இரண்டாம் வகையினன் நல்லெண்ணம் உடையவன். அவன் விழுந்தவரை எழவே விடமாட்டான். கிராணி வசைபாடுவார், வீட்டில் உலை கொதிக்காது, பிள்ளைகள் பசியோடு உறங்கும், கதை கண்ணீரில் முடியும். அவன் கூறுவன பொய்யல்ல. எனினும் விழுந்தவர் அக்கதையில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. முதற் கதையில் அவர் கேலிப்பொருள். இரண்டாம் கதையில் இரக்கப்பொருள். இரண்டிலும் பொருளேயன்றி ஆள் அல்லர்.

பெரியவர் சொன்ன முறை வேறு. விழுந்தவர் எழுந்தார், ஓடிவந்தவர்கள் வாய் திறக்குமுன், “ஏன் நிக்கிறீங்க? சாமிக்குத்தான் அபிசேகமா? கையெடுத்துக் கும்பிடுங்க” என்றார். கூடிநின்றவர் சிரித்தனர். சிரித்துக்கொண்டே அடுத்த நிரைக்காரர் தம் வாளியிலிருந்து சிறிது பாலை அவர் வாளியில் ஊற்றினார். பின்வந்த பெண்ணொருத்தியும் ஊற்றினாள். அன்றுமுதல் அவருக்குப் ‘பாலாபிசேகம்’ என்பதே பெயராயிற்று. பேரப்பிள்ளைகள் காலத்திலும் அப்பெயர் நிலைத்ததாம்.

இம்மூன்றாம் முறையே கலை எனக் கூறுவதற்குக் காரணம் உண்டு. பிறர் எள்ளுவதற்கு முன் தம்மைத் தாமே எள்ளியதால், எள்ளும் உரிமை அவர் கைக்கு வந்துவிட்டது. சிரித்தவர்கள் வேடிக்கை பார்ப்போராக நின்றுவிடாமல் இழப்பில் பங்காளிகள் ஆயினர். நட்டத்தின் அளவோ சிறிதும் குறைத்துச் சொல்லப்படவில்லை. பால் ஊற்ற வேண்டியிருந்தது என்பதிலேயே அது விளங்கிவிடுகிறது. துன்பம் வருங்கால் நகுமாறு வள்ளுவர் அறிவுறுத்தியதை நாம் மனப்பாடப் பகுதியாகக் கற்பிக்கிறோம். அக்குறளைக் கல்லாதார் பலர் அதனைக் காட்டில் நடத்திக் காட்டினர்.

இந்நகை நம் இலக்கியத்துக்குப் புதிதன்று. முக்கூடற்பள்ளில் இருவகை எள்ளலும் அருகருகே கிடக்கின்றன. மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஏசிக்கொள்ளும் பகுதியில் உழைப்பாளர் இல்லச் சண்டை கேட்போர்க்குக் களிப்பாக்கப்படுகிறது. ஆனால் பண்ணைக்காரனின் உருவமும் நடையும் நகைக்கப்படும் இடத்தில் அதிகாரமே நகைப்பொருளாகிறது. பள்ளன் தொழுவில் மாட்டப்படுகிறான் என்பதும் அதே நூலில் வருவதால், அச்சிரிப்பின் விலை யாது என்பதையும் படிப்போர் அறிவர்.

உரைநடைக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் தொலைவு செல்ல வேண்டா. 1924 முதல் 2019 வரை வெளிவந்த ‘தமிழ் நேச’னில் 1952ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் ஆசிரியப் பணியாற்றியவர் கு. அழகிரிசாமி. அவருடைய ‘சுயரூபம்’ என்னும் கதையில், குடிப்பெருமை பேசும் ஒருவர் பசி தாளாது பலகாரக் கடையில் கடனுக்கு இட்லி பெற முயலுகிறார். அவர் சுற்றி வளைத்துப் பேசுந்தோறும் நமக்குச் சிரிப்பு வருகிறது. சிரிக்குந்தோறும் அவர் வயிற்றின் காந்தல் நம்மைச் சுடுகிறது. ஆசிரியர் அவரைப் பரிகசிக்கவுமில்லை, அவருக்காக ஒப்பாரி வைக்கவுமில்லை. இத்தகைய எழுத்தாளர் நம்மிடையே சில ஆண்டுகள் இருந்து நம் எழுத்துகளைத் திருத்தியும் வழிகாட்டியும் சென்றார். அவரிடமிருந்து சிறுகதையின் கட்டமைப்பைக் கற்ற அளவுக்கு இந்நகையை நாம் கற்றோமா என்பது ஐயமே.

கல்லாமைக்குக் காரணங்கள் இரண்டு எனலாம். முதலாவது, நம் எழுத்தாளர் தம் தோளில் ஏற்றிக்கொண்ட கடமை. சப்பானியர் ஆட்சி, சயாம் மரண இரயில் பாதை, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலம், தோட்டத் துண்டாடல், 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதார்க்கு வேலை உரிமம் வேண்டியிருந்த நிலை என அடுத்தடுத்து வந்த இடர்களை உலகுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அகிலன் இந்நாட்டைக் கண்டு எழுதிய ‘பால்மரக்காட்டினிலே’யும், அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்ன’மும் இக்கடமையின் பயன்கள். மரண இரயில் பாதையை எழுதுவோரிடம் நகை எங்கே எனக் கேட்பது அறமன்று. ஆனால் எல்லாத் தோட்டமும் எந்நாளும் மரண இரயில் பாதையாக இருந்ததில்லை.

இரண்டாவது காரணம் மொழி பற்றியது. நகை பெரும்பாலும் பேச்சு வழக்கிலேயே உயிர்வாழ்கிறது. சடக்கு, கித்தா, மங்கு, தீம்பார் என்னும் சொற்களைக் கொச்சை என்றும் பிறமொழிக் கலப்பு என்றும் நீக்கிச் செந்தமிழாக்கினால் சொல் தூய்மையாகும், சிரிப்புப் போய்விடும். ‘பாலாபிசேகம்’ என்பதனைப் ‘பால் முழுக்கு’ எனத் திருத்தும் ஆசிரியர் ஒருவரை எண்ணிப் பார்க்கவும்! தூய தமிழுக்கு உரிய இடம் வேறு. கதைமாந்தர் வாய்க்கு உரிய மொழி வேறு. சீ. முத்துசாமி தம் ‘மண்புழுக்கள்’ நாவலில் தோட்டப் பேச்சைத் துணிந்து கையாண்டபோது, அம்மக்களின் குரல் ஏட்டில் கேட்டது. அத்துணிவு இன்னும் பலருக்கு வேண்டும்.

ஆயினும் தோட்டத்துச் சிரிப்பெல்லாம் போற்றத்தக்கது என்று கூறுவதும் பிழையாகும். சாதி குறித்த பட்டப்பெயர், ஊனம் குறித்த பட்டப்பெயர், குடித்துவிட்டு மனைவியை அடித்தவனின் செயலை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தல் ஆகியனவும் அங்கே இருந்தன. இவற்றிலும் இடறி விழுந்தவர் உண்டு, அவர் சிரிக்கவில்லை. பேராசிரியரின் பாகுபாடே இங்கும் உரைகல்லாகப் பயன்படும். எள்ளப்பட்டவர் தாமும் சேர்ந்து நகைத்தாரா? நகைக்க மறுக்கும் உரிமை அவருக்கு இருந்ததா? இவ்வினாக்களுக்கு விடை தேடாமல் பழைய பேச்சு என்பதற்காகவே ஒன்றைப் போற்றுவது திறனாய்வு ஆகாது. பெண்கள் தமக்குள் பேசிய நகை மிகக் குறைவாகவே பதிவாகியிருப்பதும் இங்கு எண்ணத்தக்கது. ஆயாக் கொட்டகையிலும் தண்ணீர்க் குழாயடியிலும் கணவன்மாரும் மண்டோர்மாரும் பட்ட பாட்டை அவர்கள் மட்டுமே அறிவர்.

இவற்றையெல்லாம் இப்பொழுது பேசுவதற்கு அவசரம் உண்டு. ஜொகூர் பாருவைச் சூழ்ந்த மாசாய், உலு திராம், ஸ்கூடாய்ப் பகுதிகளில் தோட்ட நிலங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. எஞ்சிய காடுகளில் பெரும்பகுதி செம்பனை. அங்கு உழைப்போருள் அயல்நாட்டவர் மிகுதி. தோட்டத்தில் பிறந்தோரின் மக்கள் இன்று விடியுமுன் எழுந்து, 1924இல் திறக்கப்பட்ட பாலத்தின் வழியே மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். விடியுமுன் எழும் வழக்கம் மாறவில்லை. பெரட்டுக் களம் மட்டும் குடிநுழைவுச் சாவடிக்கு இடம் மாறியிருக்கிறது. அவ்வரிசையிலும் மழையில் நனைவோர் உளர். வழுக்கி விழுவோர் உளர். புதிய பட்டப்பெயர்களும் பிறக்கின்றன. பழைய நகையை அறியாதவர்க்கு இப்புதிய நகையும் காதில் விழாது.

தமிழாசிரியர்க்கு ஒரு வேண்டுகோள். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வுக்கென மனப்பாடம் செய்த மாதிரிக் கட்டுரைகளும் அதனோடு நீங்கியிருக்க வேண்டும்; பல வகுப்பறைகளில் அவை இன்னும் நீங்கவில்லை. குடையின் தன்கதையை எழுதும் மாணவன், தன் பாட்டனின் கதையை எழுதட்டும். வீட்டுப் பெரியோரிடம் சென்று, “உங்களுக்கு வைத்த பட்டப்பெயர் என்ன? அது ஏன் வந்தது?” எனக் கேட்டு வரச் செய்க. கேட்டதைக் கேட்டவாறே, பேச்சு மாறாமல் எழுதச் செய்க. சொன்னவர் யார், சிரித்தவர் யார், யாரைக் குறித்துச் சிரித்தனர் என மூன்று வினாக்களுக்கு விடையும் எழுதச் செய்க. விளக்கம் செந்தமிழில் அமையட்டும். மேற்கோள் மட்டும் பேச்சுத் தமிழில் நிற்கட்டும். மொழிநடை வேறுபாட்டைக் கற்பிக்க இதனினும் நல்ல பயிற்சி இல்லை.

தோட்டப்புற மக்கள் பட்ட துன்பத்துக்கு வரலாற்று நூல்களில் இன்று சான்று உண்டு, ஆய்வேடுகளும் உண்டு. அத்துன்பத்தை அவர்கள் எவ்வாறு சுமந்தனர் என்பதற்கோ அவர்கள் நகைமொழியே சான்று. அது முதியோர் நாவில் இருக்கிறது; ஏட்டில் ஏறவில்லை. அந்நாக்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து வருகின்றன. வரும் விடுமுறையிலேயே மாணவர்கள் அவர்களிடம் சென்று அமர்ந்து கேட்கட்டும்.