வாழ்க ஓட்டை

பிறந்த குழந்தையின் இதயத்தில் ஓட்டை என்றால் வீடே கலங்கிப்போகும். பெருந்தமனிகள் இடம் மாறிப் பிறந்த குழந்தைக்கோ ஓட்டைதான் உயிர். மகாதமனி வலக் கீழறையிலிருந்தும் நுரையீரல் தமனி இடக் கீழறையிலிருந்தும் கிளம்பிவிடுகின்றன. உடம்பைச் சுற்றிவந்த கறுத்த ரத்தம் உடம்புக்கே திரும்புகிறது. நுரையீரலில் சிவந்த ரத்தம் நுரையீரலுக்கே போகிறது. இரண்டும் கலக்க மேலறைச் சுவரில் ஒரு பொத்தல், கருவிலிருந்து மிச்சமான டக்டஸ் என்னும் குழாய். மற்றக் குழந்தைகளுக்கு மூடிக்கொள்ள வேண்டிய இவை இங்கே மூடினால் ஆபத்து.

1966இல் ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் ராஷ்கைண்ட் வெளியிட்ட வைத்தியத்தைப் படித்தால் சிரிப்பும் வியப்பும் சேர்ந்தே வருகின்றன. சிரை வழியாக மெல்லிய குழாயை விட்டு, பொத்தலைத் தாண்டியதும் நுனியிலுள்ள பலூனை உப்பவைத்து, வெடுக்கென்று ஓர் இழுப்பு. சுவர் கிழியும், ஓட்டை பெரிதாகும், நீலம் பாய்ந்த குழந்தை சிவக்கும். இத்தனை முரட்டு வேலையில் இத்தனை கருணையா!

ஆனால் அது தவணை வாங்குவதுதான். ஸென்னிங், மஸ்டர்ட் என்பவர்களின் அறுவை முறைகள் மேலறைக்குள்ளேயே ரத்தத்தைத் திசை திருப்பின. கெட்டிக்காரத்தனம்தான், ஆனாலும் வலக் கீழறை ஆயுள் முழுக்க அடுத்தவன் சுமையைத் தூக்க வேண்டும்.

தமனிகளையே மாற்றித் தைத்தால் என்ன? பெருங்குழாய்கள் சிக்கலில்லை. இதயத் தசைக்கு ரத்தம் தரும் இரண்டு கரோனரி தமனிகள் மகாதமனியின் அடியில் முளைத்திருக்கின்றன. சிசுவுக்கு அவை ஓரிரு மில்லிமீட்டர் அகலம். அவற்றை விட்டுவிட்டால் கறுத்த ரத்தத்தைத்தான் குடிக்கும். 1975இல் சாவ் பாவ்லோவில் அடிப் ஜடேனே அவற்றையும் இடம் மாற்றி வென்றார். தமனியின் வாயை மட்டும் அறுப்பதில்லை. நாற்றை வேர்மண்ணோடு பெயர்ப்பதுபோல், சுற்றியுள்ள சுவரையும் வட்டமாகச் சேர்த்து எடுத்துப் புதிய மகாதமனியில் பதித்துத் தைக்கிறார்கள். துளி முறுக்கிக்கொண்டாலும் தசை பட்டினி.

ஜடேனே முதலில் வென்ற குழந்தைக்குக் கீழறைச் சுவரிலும் ஓட்டை இருந்தது. அழுத்தம் குறைந்த நுரையீரலுக்கே ரத்தம் தள்ளும் இடக் கீழறை சில வாரங்களில் சோனியாகிவிடும்; அந்த ஓட்டைதான் அதை உரத்தோடு வைத்திருந்தது. அது இல்லாத குழந்தைகளுக்கு, பிறந்த முதல் சில வாரங்களுக்குள் இந்த அறுவையை இன்று செய்துவிடுகிறார்கள்.

பிரான்சின் லகோம்ப்த் இன்னொரு நயம் சேர்த்தார்: நுரையீரல் தமனியை மகாதமனிக்கு முன்னால் கொண்டுவந்துவிட்டார். அதன் இரு கிளைகளும் மகாதமனியை இருபுறமும் அணைத்தபடி போகும். வளர்ந்த பிறகு எடுக்கும் ஸ்கேனில் இதைப் பார்த்ததுமே, என்ன அறுவை நடந்திருக்கிறது என்று விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார்.