விழாவே மேடை: திருவண்ணாமலையில் இசைத்தொழிலும் வாத்தியக் கடைகளும்

திருவண்ணாமலையில் இசையைப் பிழைப்பாகக் கொண்டவர்களின் நிலையை மதிப்பிட முற்படும் ஆய்வாளர், சென்னையில் சபாக்களைத் தேடுவதுபோல் இங்கும் நிரந்தரமான ஓர் அரங்கைத் தேடினால் ஏமாற்றமே அடைவார். இந்த ஊரில் மேடையைத் தீர்மானிப்பது நாட்காட்டி. கொடியேற்றம், தேரோட்டம், பௌர்ணமி, முகூர்த்த நாள் என்று ஒவ்வொரு தேதியும் தனக்கு வேண்டிய இசையைத் தானே வரவழைத்துக்கொள்கிறது. அந்தத் தேதி கடந்ததும் மாடவீதி மீண்டும் கடைத்தெருவாகிவிடுகிறது, கல்யாண மண்டபம் பூட்டப்படுகிறது. இவ்வாறு ஒரு நிகழ்வின் பொருட்டுத் தோன்றி அதனோடு கலையும் இசையிடத்தை ‘நிகழ்வுசார் மேடை’ என்று இக்கட்டுரை குறிப்பிடுகிறது. அம்மேடை கலைஞருக்குச் சோறு போடுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய இசை செவிகொடுத்துக் கேட்கப்படுவதற்கு அது என்ன செய்கிறது என்பதும், அந்தக் கேள்விக்கும் வாத்தியம் விற்கும் கடைக்கும் உள்ள தொடர்பும் இங்கே ஆராயப்படுகின்றன.

அருணாசலேசுவரர் கோயிலின் விழா வரிசை இத்தகைய மேடைக்கு வளமான விளைநிலம். கார்த்திகைத் தீபத் திருவிழா மட்டுமே பத்து நாள் நீள்கிறது. ஏழாம் நாள் பஞ்சமூர்த்திகளின் தேர்கள் மாடவீதிகளில் ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கப்படுகின்றன. பத்தாம் நாள் மாலை 2,668 அடி உயர மலையின் உச்சியில் மகாதீபம் ஏற்றப்படுகிறது. அதன் பின்னும் ஐயங்குளத்தில் தெப்ப உற்சவம் தொடர்கிறது. உத்தராயண, தட்சிணாயணப் பிரம்மோற்சவங்களும், தை மாதத்துத் திருவூடலும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதைக்கு மாதந்தோறும் மக்களை இழுக்கும் பௌர்ணமியும் இதனோடு சேர்கின்றன. இவற்றில் பெரிய மேளத்துக்கு, அதாவது நாகசுரமும் தவிலும் ஒத்தும் தாளமும் இணைந்த குழுவுக்கு, அலங்காரத்துக்கு அப்பாற்பட்ட பணி உண்டு. சுவாமி புறப்படும்போது கம்பீர நாட்டையில் மல்லாரி ஒலித்தால் புறப்பாடு தொடங்கிவிட்டது என்று பொருள். பள்ளியறை நேரத்து நீலாம்பரி நடை சாத்தப்படுவதை உணர்த்துவது. இசை இவ்வாறு வழிபாட்டின் மொழியாகச் செயல்படுவதால், எந்த ரசிகரின் விருப்பத்தையும் நம்பாமலே ஒரு பாடாந்தரம் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்துவந்திருக்கிறது. நுழைவுச்சீட்டு இல்லாத வீதியில் பூ விற்பவரும் வெளியூர் யாத்திரிகரும் ஒரே இசையைக் கேட்கிறார்கள். சபா எவ்வளவு முயன்றாலும் இந்தக் கலவையான கூட்டத்தைத் திரட்ட முடிந்ததில்லை.

இந்த முறையின் இன்னொரு பலம், அது மது விற்பனையைச் சார்ந்திராமை. மேற்கத்திய நகரங்களிலும் நம் பெருநகரங்களிலும் கிட்டார், டிரம்ஸ் கலைஞர்களுக்கு வாய்ப்பளிக்கும் சிறு அரங்குகள் பெரும்பாலும் மதுக்கூடங்களே. அங்கு வாசிப்பவரின் மதிப்பு அன்றிரவு எத்தனை கோப்பைகள் விற்றன என்பதால் அளக்கப்படுகிறது. பெங்களூரில் பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் கோரும் 2005ஆம் ஆண்டு ஆணையை 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, உரிமம் பெறாத மதுக்கூடங்கள் பல நேரடி இசையை நிறுத்தின. குற்றமேதும் செய்யாத இசைக்கலைஞர்கள் வேலை இழந்தனர். கோயில் விழாவை நம்பியவருக்கு அத்தகைய ஆபத்து அரிது. ஆனால் நாட்காட்டியை மட்டுமே நம்பியவருக்கு வேறொரு ஆபத்து உண்டு என்பதைப் பெருந்தொற்று காட்டியது: 2020இல் தீபத் திருவிழா பொதுமக்கள் திரளாமலும் கிரிவலம் தடைசெய்யப்பட்டும் நடந்தபோது, விழாவைச் சார்ந்த வருமானங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் வறண்டன. சாதாரண ஆண்டுகளிலும் ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. ஆடியின் இழப்பை அம்மன் கோயில் திருவிழாக்கள் ஓரளவு ஈடுசெய்கின்றன. சென்னைச் சபாக்கள் நிரம்பி வழியும் மார்கழியிலோ கல்யாண மேளத்தை நம்பிய குடும்பம் தை பிறக்கக் காத்திருக்கிறது. ஒரே மாதம் ஒரே மாநிலத்தில் சிலருக்கு உச்சப் பருவமாகவும் சிலருக்குப் பஞ்சமாகவும் அமைவது, தமிழிசை உலகம் இன்றும் இரண்டாகப் பிளந்திருப்பதற்கான எளிய சான்று.

நிகழ்வுசார் மேடையின் முதன்மையான குறை, அங்கு எவரும் கேட்பதற்காகக் கலைஞரை அமர்த்துவதில்லை என்பதே. கல்யாண மண்டபத்தில் நாகசுரக்காரர் கல்யாணியை எவ்வளவு நுணுக்கமாக விரித்தாலும், அவர் தாலி கட்டும் நேரத்துக் கெட்டிமேளத்துக்காகவே அங்கு இருக்கிறார். மற்ற நேரமெல்லாம் அவருடைய இசை உறவினர்களின் உரையாடலுக்கு அடியில் ஓடுகிறது. சட்டமும் தன் வழியில் இதே பார்வையை ஏற்றிருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது: சமயச் சடங்கிலும் திருமண ஊர்வலத்திலும் பாடல்களை இசைப்பதைப் பதிப்புரிமை மீறலாகக் கொள்ளலாகாது என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விலக்களிக்கிறது. இந்த விலக்கு வாசிப்பவருக்குப் பெரும் நிம்மதி. எனினும், அங்கு நடப்பது கச்சேரியன்று, சடங்கின் ஓர் உறுப்பு என்ற கருத்தும் அதனுள் அடங்கியிருக்கிறது.

கேட்பவர் இல்லாத இடத்தில் போட்டி தரத்தில் நிகழாமல் ஒலியின் அளவில் நிகழ்கிறது. கேரளத்துச் செண்டை மேளமும், சிவனடியார் குழுக்கள் கொட்டும் கயிலாய வாத்தியமும் தமிழ்நாட்டு விழாக்களில் பரவியதற்குப் பக்தியும் புதுமை நாட்டமும் காரணங்கள்தாம். ஆனால் வீதியின் இரைச்சலை விஞ்சி ஒலிக்கும் ஆற்றல் அவற்றுக்கு இருப்பதை மறந்து அந்தப் பரவலை விளக்க முடியாது. ஒரே ஊர்வலத்தில் ஒரு தவிலுக்குப் பின்னால் இருபது செண்டைகள் வந்தால், தவில்காரர் தன் தாளக் கணக்குகளைக் கைவிட்டு வேகத்தையும் ஓசையையும் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்கும் வாத்தியங்களுக்கும் தடை விதித்து, ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல் விழாக்காலங்களில் நள்ளிரவு வரை தளர்வு வழங்க மாநில அரசுக்கு இடமளிக்கின்றன. குடியிருப்புப் பகுதிக்கு அவை வகுத்த பகல் வரம்பு 55 டெசிபல்; தேர்த்திருநாளில் மாடவீதியில் நிற்கும் எவரும் அந்த எண்ணை வேடிக்கையாகவே எடுத்துக்கொள்வர்.

கோயில் திருவிழாக்களின் இரவு மேடைகளில் பாடும் மெல்லிசைக் குழுக்களின் கதை சற்று வேறானது. மக்கள் வழக்கில் ஆர்கெஸ்ட்ரா எனப்படும் இக்குழுக்களில்தான் சிற்றூரின் கிட்டார் கலைஞருக்கு இடம் கிடைத்துவந்தது. கீபோர்டு பல வாத்தியங்களின் ஒலியைத் தன்னுள் அடக்கிக்கொண்டபோது வயலினும் குழலும் வெளியேறின. கையால் அல்லது குச்சியால் தட்டினால் பதிவுசெய்த தாள ஒலிகளைத் தரும் மின்னணுப் பலகையான ‘பேட்’ வந்தபோது தபேலாவும் டோலக்கும் குறைந்தன. இப்போது பாடகரின் குரல் மட்டும் நீக்கப்பட்ட ‘டிராக்’ ஒலிக்க, வாசிப்பவர்களே இல்லாமல் பாட்டு நடக்கிறது. விழாக் குழுவினரைக் குறைசொல்வது எளிது. ஆனால் மைக் செட்டுக்கும் விளக்குக்கும் பந்தலுக்கும் போக எஞ்சும் தொகையில் பத்துப் பேரை அழைப்பதா நான்கு பேரை அழைப்பதா என்ற கணக்கில் அவர்கள் நான்கைத் தேர்ந்தெடுப்பதில் வியப்பில்லை, ஏனெனில் கூட்டத்துக்கு வேறுபாடு தெரிவதில்லை. முன்பணம் போக மீதியைப் புரோகிராம் முடிந்த பின் கேட்டு வாங்கும் வழக்கத்தில் ஒப்பந்தப் பத்திரம் அரிது. பாக்கி நின்றால் குழுத் தலைவர் தன் கையிலிருந்து தருகிறார், அல்லது வாசித்தவர் பொறுத்துக்கொள்கிறார்.

இதற்கு நேரெதிரான ஒரு சிறு மேடையும் இவ்வூரில் உண்டு. 1896இல் இங்கு வந்து 1950இல் மறையும் வரை தங்கிய ரமண மகரிஷியின் ஆசிரமத்தைச் சூழ்ந்த செங்கம் சாலைப் பகுதியில், குளிர்காலத்தில் வந்து தங்கும் வெளிநாட்டவரும் வடநாட்டவரும் கூடும் பஜனைகளிலும் சிறு இசைக்கூட்டங்களிலும் கிட்டாரும் ஆர்மோனியமும் ஒலிக்கின்றன. அங்கு ஒலிபெருக்கியின் ஆதிக்கம் குறைவு, அமைதி அதிகம். கேட்பவர் தரையில் அமர்ந்து முழுக் கவனத்தோடு கேட்கிறார். ஆயினும் அந்தக் கவனம் பெரும்பாலும் தியானத்துக்குரியது, திறனாய்வுக்குரியதன்று. சுருதி விலகினாலும் பாவம் இருந்ததென்று பாராட்டும் கூட்டம் ஒரு கலைஞரை வளர்க்காது. ஊதியமும் விருப்பக் காணிக்கையைத் தாண்டுவது அரிது. ஊரின் தொழில்முறைக் கலைஞருக்கும் இந்த வட்டத்துக்கும் இடையே போக்குவரத்து மிகக் குறைவு என்பதும் வருந்தத்தக்கது.

வாத்தியம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் மேடையின் இயல்பு இன்னும் தெளிவாகிறது. நாகசுரக்காரர் செல்வது கடைக்கன்று, செய்பவரிடம். கும்பகோணம் வட்டாரத்து நரசிங்கம்பேட்டையில், பழைய வீடுகளின் உத்திரங்களிலிருந்து எடுக்கப்பட்டுப் பல பத்தாண்டுகள் உலர்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து செய்யப்படும் நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குழலில் விரல் வைத்து வாசிக்கும் ஏழு துளைகளோடு வேறு ஐந்து துளைகளும் உள்ளன. அவற்றை மெழுகால் தேவைக்கேற்ப அடைத்தே சுருதி சரிசெய்யப்படுகிறது. மேல் நுனியில் கெண்டை என்னும் உலோகக் குழாயும், அதன்மேல் நாணலால் ஆன சீவாளியும் பொருந்துகின்றன. சீவாளி பதமாக அமையாவிட்டால் குழல் எவ்வளவு நல்லதாயினும் பயனில்லை என்பதால், வாசிப்பவர் பலவற்றை ஊதிப் பார்த்தே ஒன்றைத் தேர்கிறார். செய்பவருக்கும் வாசிப்பவருக்கும் இடையேயான இந்த உறவு வாத்தியத்தையே மாற்றியிருக்கிறது. உயர்ந்த சுருதியில் கூர்மையாக ஒலிக்கும் குட்டையான திமிரி நாகசுரத்துக்கு மாற்றாக, நீளமான, தாழ்ந்த சுருதியுடைய, சுத்த மத்திமம் இயல்பாகப் பேசும் பாரி நாகசுரம் உருவானது திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் தேவையும் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறனும் சந்தித்ததன் விளைவு. ஆச்சா மரம் அருகிவருவதும், செய்யும் குடும்பங்கள் மிகச் சிலவாக இருப்பதும், திருவண்ணாமலைக் கலைஞர் பழுதுக்கும் காவிரிக்கரைக்கே பயணப்பட வேண்டியிருப்பதும் இம்முறையின் மெய்யான குறைகள். எனினும் குறையைச் சொல்ல ஓர் ஆள் அங்கே இருக்கிறார்.

கிட்டார்க்காரருக்கு அப்படி ஓர் ஆள் இல்லை. சிற்றூர் வாத்தியக் கடைகள் செய்யும் நன்மையை மறுப்பதற்கில்லை: பள்ளி மாணவனுக்கு எட்டும் விலையில் முதல் கிட்டாரும், அறுந்த தந்திக்கு மாற்றும், விழாக்குழுவுக்கு மைக்கும் வயரும் அங்குதான் கிடைக்கின்றன, ஹார்மோனியமும் டோலக்கும் விற்கும் அதே அலமாரியில் கிட்டார் தொங்குவதால் அது அந்நியப் பொருளாகத் தோன்றாமல் போனதும் ஒரு நன்மையே. ஆனால் கடைக்காரர் விற்பவரே ஒழியச் செய்பவரோ சீர்செய்பவரோ அல்லர். கிட்டாருக்கு ‘செட்டிங்’ என்று கலைஞர்கள் சொல்லும் பராமரிப்பு, தந்திக்கும் விரற்பலகைக்கும் இடையேயுள்ள உயரத்தைக் குறைப்பதும், கழுத்தினுள் ஓடும் எஃகுத் தண்டைத் திருகி வளைவைச் சரிசெய்வதும், தேய்ந்த ஃப்ரெட்டுகளை, அதாவது விரற்பலகையின் குறுக்கே பதிந்த உலோகக் கம்பிகளை, அராவுவதும் அடங்கியது. 40 பாகையைத் தொடும் திருவண்ணாமலைக் கோடையில் மரம் சுருங்கி அந்தக் கம்பிகளின் முனைகள் ஓரத்தில் துருத்தி விரலைக் கீறுகின்றன. வடகிழக்குப் பருவமழையில் அதே மரம் ஈரம் குடித்து உப்பி, தந்தியின் உயரம் கூடுகிறது. தீபத் திருவிழா அந்த ஈரப் பருவத்தில்தான் வருகிறது என்பதால், வாத்தியத்துக்கு வேலை மிகும் நாட்களே அது சொன்னபடி கேட்காத நாட்களாகவும் அமைந்துவிடுகின்றன. இதற்குத் தீர்வு தேடுபவர் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கோ, பெங்களூருக்கோ செல்கிறார். சென்னை அண்ணா சாலையில் 1842இல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிய இன்றைய மியூசி மியூசிகல் போன்ற பழம்பெரும் நிறுவனம் ஒரு தலைநகரில் மட்டுமே சாத்தியம் என்று சொல்லிவிடலாம். ஆனால் ஃப்ரெட் அராவுவதற்கு நிறுவனம் தேவையில்லை, பயிற்சி பெற்ற ஒரு கையும் ஒரு மேசையும் போதும். அந்த மேசை இங்கு இல்லாததற்குக் காரணம் கடைக்காரரின் அசட்டையன்று. மேடையில் கிட்டாரின் சுருதி விலகல் எவர் காதிலும் படாதபோது, அதைத் திருத்தக் கூலி கொடுக்க எவரும் முன்வருவதில்லை.

விழாவுக்கும் கவனமான கேட்புக்கும் இயல்பிலேயே பகை உண்டு என்று இதிலிருந்து முடிவுகட்டுவது வரலாற்றுக்குப் புறம்பானது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சை வட்டாரத்துச் சுவாமி புறப்பாடுகள் வீதி முனைகளில் நின்று நின்று நகர்ந்தன. அந்த நிறுத்தங்களில் ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்த நாகசுர வித்வான்களைக் கேட்க ஊர்கள் விழித்திருந்தன. ராஜரத்தினத்தின் தோடிக்குப் புகழ் தேடித்தந்த கூட்டங்களில் பெரும்பகுதி சபாவில் சீட்டு வாங்கியவையல்ல. பாரி நாகசுரத்தைக் கேட்டுப் பெறும் துணிவை அவருக்குத் தந்ததில் அந்தச் செவிகளுக்கும் பங்குண்டு. திருவண்ணாமலைப் புறப்பாடுகளிலும் மண்டகப்படி, அதாவது உபயதாரரின் இடத்தில் சுவாமி நின்று தீபாராதனை ஏற்கும் வழக்கம், இன்றும் உள்ளது. அந்த நிறுத்தத்தில் செண்டையும் ஒலிபெருக்கியும் அரைமணி நேரம் ஓய, ஒரு நாகசுரமும் ஒரு தவிலும் மட்டும் வாசிக்க வேண்டும் என்று உபயதாரர் தம் காணிக்கையோடு ஒரு நிபந்தனையும் வைப்பாரானால், அதற்குப் புதிய கட்டடமோ அரசாணையோ தேவைப்படாது. இரவு பத்து மணிக்கு முன்பே அது முடிந்தும்விடும்.