கிருஷ்ணாவுக்குப் பதில் கிருஷ்ணவேணி

'தெய்வத்திருமகள்' படத்தின் முடிவை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நீதிமன்றத்தில் கிருஷ்ணா ஜெயித்துவிடுகிறான். மகள் நிலா அவனோடுதான் இருக்க வேண்டும் என்று ஆகிவிடுகிறது. அதன் பிறகு, தூங்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டுபோய் அவளுடைய சித்தியிடம் அவனே ஒப்படைத்துவிட்டுத் திரும்புகிறான். மகள் நன்றாகப் படித்து டாக்டராக வேண்டும், அதைத் தன்னால் தர முடியாது என்பது அவன் சொல்லும் காரணம். சட்டம் கொடுத்ததை அவன் கையாலேயே திருப்பிக் கொடுக்க வைத்துவிட்டு, அதற்குத் தியாகம் என்று பெயர் சூட்டுகிறது படம்.

2011 ஜூலையில் வெளியான இந்தப் படத்தின் கதை, 2001இல் வந்த 'ஐ ஆம் சாம்' என்ற ஹாலிவுட் படத்திலிருந்து வந்தது. எடுத்தவற்றைப் பற்றி அப்போதே நிறையப் பேசியாகிவிட்டது. மாற்றியவற்றைப் பற்றித்தான் நான் பேச நினைக்கிறேன். ஆங்கிலப் படத்தில் குழந்தையைப் பெற்றவள், பெற்ற கையோடு அதை விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். தமிழில் அவள் பிரசவத்தில் இறந்துபோகிறாள். ஆங்கிலப் படத்தின் முடிவில், தூங்கும் குழந்தையைத் தூக்கிவருபவள் வளர்ப்புத் தாய். அப்பாவிடம் அவளைத் திரும்பக் கொண்டுவருகிறாள். தமிழில் அதே தூக்கம், அதே குழந்தை, ஆனால் போகும் திசை நேரெதிர்.

இந்தத் திசைமாற்றம் தற்செயலானது என்று நான் நினைக்கவில்லை. கிருஷ்ணாவை நேசிக்கலாம், அவனுக்காக அழலாம், அவன் குழந்தைத்தனத்தைக் கண்டு நம்முடைய கசப்புகளைக் கழுவிக்கொள்ளலாம். அவனுக்காக வாதாடும் அனுராதா, பேச்சுவார்த்தையில்லாத தன் அப்பாவோடு சேருவதுகூட அவனால்தான். மற்றவர்களைக் குணப்படுத்தும் மருந்தாக அவனை வைத்துக்கொள்ளத் தயாராக இருக்கும் படம், ஒரு பெண்குழந்தையின் படிப்பையும் நாளையையும் அவனை நம்பி விடத் தயாராக இல்லை.

அவனுக்கு என்னதான் குறை? படம் பார்த்தவர்களில் சிலர் ஆட்டிசம் என்பார்கள், சிலர் மூளை வளர்ச்சி இல்லை என்பார்கள். இரண்டும் ஒன்றல்ல. அறிவுசார் குறைபாடு என்பது கற்றுக்கொள்வதிலும் அன்றாடக் காரியங்களைச் சமாளிப்பதிலும் உள்ள சிரமம். ஆட்டிசம் என்பது பிறரோடு உறவாடும் விதத்திலும் புலன்கள் உலகை வாங்கிக்கொள்ளும் விதத்திலும் உள்ள வேறுபாடு. இரண்டும் ஒருவரிடம் சேர்ந்தும் இருக்கலாம், தனித்தனியாகவும் இருக்கலாம். சினிமாவுக்கு இந்த வித்தியாசம் தேவைப்படுவதில்லை. 'வளர்ந்த உடலில் குழந்தை மனசு' என்ற ஒரே வாய்ப்பாடு போதும். வேலைக்குப் போய்ச் சம்பாதித்து, பிறந்த குழந்தையை ஐந்து வயதுவரை வளர்த்த ஒருவனை எந்தக் கணக்கில் குழந்தை என்பது? அந்த ஐந்து வருட உழைப்பையும் கொஞ்சல் காட்சிகளாகத்தான் பார்க்கிறோம். பீத்துணி அலசுவதும் காய்ச்சல் இரவுகளில் விழித்திருப்பதும் கதைக்குள் கணக்கில் வருவதில்லை. பெண்கள் செய்யும்போது கண்ணில் படாத வேலை, ஆண் செய்யும்போது கவிதையாகிவிடுகிறது.

தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த 'சிப்பிக்குள் முத்து' எண்பதுகளின் படம். கே. விஸ்வநாத் இயக்கியது. அதில் கமல் நடித்த சிவய்யா தகப்பனாகிறான், பேரன் பேத்திகளையும் பார்க்கிறான். அவனுடைய தந்தைமையை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்கவில்லை. காரணம், பக்கத்தில் ராதிகா நடித்த லலிதா இருக்கிறாள். குழந்தையோடு நிற்கும் விதவையான அவள் கழுத்தில் அவன் தாலி கட்டிவிடுகிறான். அதற்குப் பிறகு குடும்பத்தை ஓட்டும் பொறுப்பு யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. மனைவி உயிரோடிருந்தால் கணவனின் குறை ஒரு பிரச்சினையே இல்லை. அவள் செத்தால்தான் வழக்கு. இரண்டு படங்களுக்கும் இடையே கால் நூற்றாண்டு ஓடிவிட்டாலும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை.

இந்தக் கணக்கு எங்கள் ஊரில் புழங்குவதுதான். நான் தா.பழூர்க்காரி. கொள்ளிடக்கரை நெல்வயலும் கொஞ்சம் தள்ளிப்போனால் முந்திரிக்காடுமான வட்டாரம். இங்கே அறிவுசார் குறைபாடுள்ள ஆண்பிள்ளை இருக்கும் வீட்டில், "ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்" என்பார்கள். நிலமிருந்தால் போதும், இல்லாத வீட்டுப் பெண் ஒருத்தி கிடைத்துவிடுவாள். அதே குறை பெண்பிள்ளைக்கு இருந்தால் கால்கட்டுப் பேச்சே எழாது. "வயசுக்கு வந்துட்டா எப்படிக் காப்பாத்துறது" என்பதே பேச்சாக இருக்கும். ஆணுக்கு வாழ்க்கை அமைத்துக்கொடுக்க நினைக்கிற ஊர், பெண்ணுக்குக் காவல் போட நினைக்கிறது.

ஆகவே, என் மாணவிகளிடம் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு: கிருஷ்ணா இருக்கும் இடத்தில் கிருஷ்ணவேணி இருந்தால் இந்தக் கதை எங்கே தொடங்கும்? ஒரு நிமிட அமைதிக்குப் பிறகு யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாள், "யார் கெடுத்ததுன்னு கேக்குறதுலதான் மேடம் தொடங்கும்." ஆமாம். அவளுக்குக் காதல் இருந்திருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது. அவள் தன் குழந்தையைக் கொஞ்சும் காட்சியை எழுதும்வரை எந்தத் திரைக்கதையும் போகாது. அதற்கு முன்பே பழிவாங்கும் அண்ணன் வந்துவிடுவான்.

கிருஷ்ணவேணி கற்பனை. ஆனால் அவளைப் போன்ற ஒருத்தி 2009இல் உச்ச நீதிமன்றம்வரை வந்தாள். சண்டிகரில் அரசு இல்லத்தில் வளர்ந்த, ஆதரவற்ற, அறிவுசார் குறைபாடுள்ள இளம்பெண். அந்தக் காப்பகத்திலேயே பாலியல் வன்முறைக்கு ஆளாகிக் கர்ப்பமானாள். கருவைக் கலைக்க நிர்வாகம் அனுமதி கேட்டது, பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. அவளோ குழந்தை வேண்டும் என்றாள். அவள் சம்மதம் இல்லாமல் கலைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. பெற்றுக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுப்பது ஒரு பெண்ணின் தனிமனிதச் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. குழந்தை வளர்ப்பில் துணைநிற்பதாக நேஷனல் டிரஸ்ட் ஏற்றுக்கொண்டதையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. 'தெய்வத்திருமகள்' வருவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது இது. வல்லுறவை அனுபவித்த ஒருத்தி, அதற்குப் பிறகும் தனக்கென ஒரு விருப்பம் இருப்பதாகச் சொன்ன கதையை நம் சினிமா தொடவில்லை.

இன்னும் பின்னால் போனால், 1994இல் புனேயில் ஷிரூர் அரசு விடுதியைச் சேர்ந்த அறிவுசார் குறைபாடுள்ள பெண்களுக்குக் கருப்பை அகற்றும் அறுவைச் சிகிச்சை நடந்தது. மாதவிடாய்ச் சுத்தம் பேணத் தெரியவில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். பெண்கள் அமைப்புகள் எதிர்த்துப் போராடின. துணி மாற்றிவிட ஆள் போடுவதைவிடக் கருப்பையை எடுப்பது சுலபம் என்று நினைத்த நிர்வாகத்துக்கும், உதவிக்கு ஆள் தருவதைவிடக் குழந்தையை எடுப்பது சுலபம் என்று நினைக்கும் திரைக்கதைக்கும் நடுவே பெரிய தூரமில்லை.

சட்டமும் முழுதாகத் துணைக்கு வரவில்லை. 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23ஆம் பிரிவு, குழந்தையின் குறைபாட்டைக் காட்டியோ பெற்றோரின் குறைபாட்டைக் காட்டியோ அவர்களைப் பிரிக்கக் கூடாது என்கிறது. அதை ஒட்டி வந்த 2016 சட்டத்தின் 9ஆம் பிரிவில், மாற்றுத்திறனாளிக் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் கூடாது என்பது மட்டும் இருக்கிறது. பெற்றோர் மாற்றுத்திறனாளியாக இருந்தால் என்ற பாதி விடுபட்டுப்போயிற்று. மாற்றுத்திறனாளி என்றால் யாரோ ஒருவரின் பிள்ளை, ஒருநாளும் தாயோ தகப்பனோ அல்ல என்ற எண்ணம் திரையில் மட்டும் இல்லை, சட்டப்புத்தகத்திலும் இருக்கிறது.

"தனியாக வளர்க்க முடியுமா?" என்பதுதான் இத்தகைய பெற்றோரை நோக்கி எப்போதும் எழும் கேள்வி. யார்தான் தனியாக வளர்க்கிறோம்? நடவுக்குப் போகிறவளின் பிள்ளையை ஆத்தா பார்த்துக்கொள்கிறாள். நான் முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்தது என் அம்மாவின் இடுப்பில் என் பிள்ளை இருந்ததால். எங்களை எந்த நீதிபதியும் கூண்டில் ஏற்றவில்லை. 'ஐ ஆம் சாம்' படத்தில், கைக்குழந்தைக்கு எத்தனை மணிக்கொரு தரம் பால் கொடுப்பது என்று தெரியாமல் தவிக்கும் சாமுக்கு, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் நேரத்தை வைத்துக் கணக்குச் சொல்லித்தருகிறாள் ஒரு பக்கத்துவீட்டுக்காரி. எத்தனையோ மிகையுள்ள அந்தப் படத்தில் எனக்கு உண்மையாகப் பட்டது இந்த இடம். கணக்குத் தெரியாதவன் கணக்கைக் கற்றுக்கொள்ளவில்லை. அவனுக்குத் தெரிந்த ஒன்றில் அந்தக் கணக்கை வைத்துக் கொடுத்தாள் அவள். உதவி என்பது இப்படித்தான் இருக்க முடியும்.

நிலாவின் படிப்புதான் கவலை என்றால், படித்த சித்தி அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிவந்திருக்கலாம். தாத்தாவின் பணம் குழந்தையைத் தேடி வந்திருக்கலாம். குழந்தை ஏன் பணத்தைத் தேடிப் போக வேண்டும்? அந்த இரவில் நிலா தூங்கிக்கொண்டிருக்கிறாள் என்பதை மறந்துவிடாதீர்கள். விழித்திருந்தால் அவளையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்திருக்கும்.