முதன்மைச் சான்றும் மாணவர் ஆய்வும்: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை முன்வைத்து

18ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியை ஆராயும் மாணவர்க்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு (1736–1761) இன்றியமையாத முதன்மைச் சான்று. ஆயின், முன்பே எட்டிய முடிவுக்கு மேற்கோள் தரும் நூலாக மட்டும் அது கையாளப்படின் அதன் பயன் குன்றுகிறது.

1748இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டமை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. பிள்ளை அந்நிகழ்வைப் பதிந்தவர் மட்டும் அல்லர். ஆளுநர் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷி. ஆளுநரின் மனைவிமீது கசப்புக் கொண்டவர். எனவே அவர் எவர்மீது பழி சுமத்துகிறார் என்பதே தனி ஆய்வுக்குரிய வினா. அவர் கண்டது, கேட்டது, கருதியது ஆகியவற்றைப் பிரித்தறியாத ஆய்வேடு வரலாற்றை எழுதவில்லை. பிள்ளையின் தரப்பையே எழுதுகிறது.

மொழியும் கருதத்தக்கது. நாட்குறிப்பின் நடை பேச்சுத்தமிழும் பிறமொழிச் சொற்களும் விரவியது. தமிழ் மூலம் அச்சில் இருக்க, 1904–1928 காலத்தில் 12 தொகுதிகளாக வெளிவந்த ஆங்கில மொழிபெயர்ப்பை மீண்டும் தமிழாக்கி மேற்கோளாகக் காட்டுவது சான்றிலிருந்து இருமடங்கு விலகுவதாகும்.

ஒருநாள் பதிவை மூலத்தில் முழுமையாகப் படித்து, கிடைக்கும் பிரெஞ்சு நிர்வாக ஆவணங்களோடு ஒப்பிடும் சிறிய திட்டக்கட்டுரை, பக்கங்கள் நிறைந்த மேற்கோள் தொகுப்பினும் மேலானது. நெறியாளர் முதலில் கற்பிக்க வேண்டியது இவ்வொப்பீட்டையே.